அரையில் முடிந்த ரேடியம்

நான் பிழைத்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை படிக்கிறவர்கள் பாதியிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஆள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று பார்ப்பார்கள். நானும் அப்படிச் செய்கிறவள்தான். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். மூன்று வருஷம் ஆகிறது. நடக்கிறேன், சாப்பிடுகிறேன், மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன், ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைகள் மேல் எனக்குப் பழையபடியே கோபம் வருகிறது.

எனக்கு வந்தது கருப்பை வாயில் புற்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'கீழே ஒரு தீனம்' என்பார்கள். தீனம் என்றால் இங்கே நோய். கீழே என்றால் எங்கே என்று கேட்டால், கேட்டவள் வெட்கம் கெட்டவள். அதனால் யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே நடந்த ஒரு தவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

எங்கள் ஊர் திற்பரப்புக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, கோதையாற்றங்கரையில். என் வீட்டுக்காரருக்கு மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி மண்டி. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய அக்கா பகவதி மைனியும். மைனி இருபது வயதில் தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவர். எந்தப் பாத்திரத்தை எந்தக் கையால் தொடலாம் என்பதிலிருந்து எல்லாச் சட்டமும் அவர் கையில்.

எனக்கு மாதவிலக்கு நாற்பத்து நான்கு வயதில் நின்றது. நாற்பத்தாறில் மறுபடி கண்டது. 'போறப்போ ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போவும்' என்று மைனி சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆட்டம் ஒரு வருஷம் நீடித்தது. ஒரு வாரம் இருக்கும், மூன்று நாள் இருக்காது, மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் தீட்டுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். தீட்டு என்றால் மாட்டுப்புரையை ஒட்டிய சாய்ப்பில்தான் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம் போய் வந்து சாய்ப்பில் உட்காருவேன். அந்த வருஷம் நான் பசுவோடு பேசிய அளவுக்கு வீட்டுக்காரரோடு பேசவில்லை. பசு இன்னும் கொஞ்சம் பதில் சொல்லும்.

நான்காம் நாள் ஊர் வண்ணாத்தி செல்லம்மை வருவாள். அவள் வெளுத்துக் கொண்டுவரும் துணிக்கு மாத்து என்று பெயர். அழுக்குத் துணியை அவளிடம் கொடுத்துவிட்டு, மாத்தை உடுத்துக் குளித்தால்தான் தீட்டுக் கழியும். வேறு துணி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் செல்லாது. மாத்து இல்லாமல் வீட்டுக்குள் கால் வைக்கவோ விளக்கு ஏற்றவோ முடியாது.

செல்லம்மை என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இருந்தாலும் அவளை எல்லோரும் ஒருமையில்தான் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான். ஒருநாள் அவள் துணியை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

"டீச்சரம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. இது மாசத் துணி இல்ல. நாத்தம் வேற. நான் எத்தன வீட்டுத் துணி பாக்கேன். ஆஸ்பத்ரில போய்க் காட்டுங்கோ."

"ஒனக்க சோலியப் பாத்துட்டுப் போ" என்றேன்.

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது நின்றுபோன பிறகு இரத்தம் கண்டால், என்னைப்போல எட்டு மாதம் கெட்டிக்காரியாக இருக்கவேண்டாம்.

கடைசியில் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் தலைசுற்றி விழுந்தேன். பிள்ளைகள் ஓடிப்போய்த் தலைமையாசிரியையைக் கூட்டிவந்தார்கள். அவர் நேராக மண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டார். மறுநாள் வீட்டுக்காரர் என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்களைப் பார்ப்பவர் கோட்டயம் பக்கத்து டாக்டரம்மா. எங்கள் பேச்சில் மலையாளம் கொஞ்சம் கலந்திருக்கும், அவர் பேச்சில் தமிழ் கொஞ்சம் கலந்திருக்கும், அதனால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம். அவர் கையுறை போட்டுக்கொண்டு சோதித்தார். பிறகு நெல்மணி அளவுக்குச் சதை கிள்ளி எடுத்தார். அதை மெல்லிய தகடாக அரிந்து பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் புற்றா இல்லையா என்று தெரியுமாம். அந்த வசதி அங்கே கிடையாது. துணுக்கு ஒரு சின்னக் குப்பியில் திருவனந்தபுரம் போனது. பதினேழு நாள் கழித்துக் காகிதமாகத் திரும்பி வந்தது.

அந்தப் பதினேழு நாளும் எனக்குப் பயமாக இருந்தது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

காகிதம் வந்த அன்று டாக்டரம்மா என்னையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் சுரைக்காயைத் தலைகீழாக வரைந்தார். அகன்ற பக்கம் கருப்பை, கீழே ஒடுங்கிய பக்கம் அதன் வாய். அந்த வாயில் பென்சிலால் கறுப்பாகக் கிறுக்கினார். கறுப்பு கொஞ்சம் வெளியேயும் போயிருந்தது, ஆனால் இரண்டு பக்கத்து எலும்புச் சுவர் வரை எட்டவில்லை.

"சுவரில் எட்டியிருந்தால் நான் வேற வார்த்தை சொல்லியிருப்பேன். எட்டலை. அதுகொண்டு மூணு வழி உண்டு, டீச்சர்."

முதல் வழி, அறுத்து எடுப்பது. கருப்பையையும் சுற்றியுள்ளதையும் முழுதாக எடுக்கவேண்டும். அது பெரிய ஆபரேஷன், இரத்தம் ஏற்ற வசதி வேண்டும், கைதேர்ந்தவர்கள் வேண்டும். மதராஸுக்குத்தான் போகவேண்டும். அதுவும் வாயைத் தாண்டாத புற்றுக்குத்தான் நல்லது, எனக்குக் கொஞ்சம் தாண்டிவிட்டது. இரண்டாவது, ஆழமாகப் பாயும் எக்ஸ்ரே. அந்த இயந்திரமும் மதராஸில்தான், ஒன்றரை மாதம் அங்கேயே தங்கவேண்டும். மூன்றாவது வழி ரேடியம். அது இந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. ஊசியைவிடக் கொஞ்சம் பருமனான உலோகக் குழல்கள் ஐந்து. அவ்வளவுதான் இருப்பு. ஒரு சமயம் ஒரு பெண்ணுக்குத்தான் வைக்க முடியும், அதனால் முறை வைத்திருந்தார்கள்.

"ஒண்ணும் செய்யாம இருந்தா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "அப்போ நான் வலிக்கு அபின் கலக்கின மருந்து தரும். அது நாலாவது வழி. அது எல்லாருக்கும் கையில் எட்டும்."

ரேடியம் என்று முடிவு செய்தோம். மதராஸ் என்றால் வயலை விற்கவேண்டும் என்பது ஒரு காரணம், மதராஸில் எங்களுக்கு யாரையும் தெரியாது என்பது இன்னொன்று. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு அடுத்த முறை பிலோமினா என்ற குளச்சல்காரிக்கு. அவள் கரையில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்பவள். ஐந்து பிள்ளைகள். முறைக்குக் காத்திருந்த நாட்களில் சோதனைக்காக நான் அவ்வப்போது வார்டில் தங்கும்போது, பக்கத்துக் கட்டிலில் கிடந்தபடி, கடைசிப் பிள்ளையை நினைத்து அழுவாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சாப்பாட்டைப் பார்த்துச் சிரிப்பாள்.

"எனக்க டீச்சரே, மீனு இல்லாம எப்பிடித் தொண்டயில எறங்குது?"

அவளுக்குப் புற்று சுவருக்கு மிகவும் அருகே போயிருந்தது. இன்னும் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா என்னிடமே சொல்லியிருந்தார்.

என் முறை வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, ஐந்து குழல்களையும் உள்ளே வைத்து, அசையாதபடி மருந்துத் துணியால் இறுக்கமாக அடைத்தார்கள். ஒவ்வொரு குழலிலும் ஒரு நூல் கட்டியிருந்தது. ஐந்து நூல்களின் நுனியும் வெளியே தெரியும்படி தொடையில் ஒட்டிவைத்தார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் மல்லாந்தே கிடக்கவேண்டும். திரும்பக்கூடாது, உட்காரக்கூடாது, இருமலைக்கூட அடக்கவேண்டும். சிறுநீருக்கு ரப்பர்க் குழாய். வெறும் கஞ்சித்தண்ணீர்தான் சாப்பாடு.

என்னைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். ரேடியம் கண்ணுக்குத் தெரியாமல் எரியும் அடுப்பு போன்றது. எனக்குள் இருக்கும் புற்றை அது எரிக்கும், பக்கத்தில் நிற்பவர்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடும். அதனால் யாரும் அருகில் வந்து உட்காரக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி ஒரு கயிறு கட்டியிருந்தது. வீட்டுக்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையோடு நிற்பார். முப்பது வருஷத்தில் எனக்காக ஒரு டம்ளர் வெந்நீர் வைத்திராத மனுஷன், அந்த மூன்று நாளும் தூக்குவாளியில் கஞ்சித்தண்ணீர் வடித்துக்கொண்டு வந்தார். பேசத்தான் தெரியவில்லை.

"கேட்டியா, பசு நல்லாத் திங்குது" என்பார்.

அரை மணி நேரம் கழித்து, "கேட்டியா, மழ வரும்போல இருக்கு."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் எஸ்தர். அவளைப் பார்த்ததும் சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மூன்றாம் வகுப்பில் இருந்தவள். எண்ணிக்கை தப்பியதற்காக அவளை நான் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். இப்போது அவள்தான் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போர்வையை விலக்கி, என் தொடையில் ஒட்டிய நூல்களை விரலால் தொட்டு எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சத்தமாக எண்ணவேண்டும் என்பது அங்கே முறை.

"டீச்சர், இந்த அறையில உள்ளது ஒரு நூலுகூட வெளிய போகப்பிடாது. துணியெல்லாம் இந்த மூடிபோட்ட வாளியில போடுங்கோ. கடைசியில டாக்டரம்மா சோதிச்ச பொறவுதான் வெளிய எடுப்போம். மறந்துராதிங்கோ."

"மறக்கமாட்டேன்" என்றேன். பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன். பாடம் ஒப்பிக்கிறவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டவர்கள் அல்ல என்பது ஒரு டீச்சருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்தர் ஐந்து நூல்களை எண்ணிவிட்டுப் போனாள். சிறிது நேரத்தில் இருமல் வந்தது, அடக்க முடியவில்லை. அடைத்த துணி நெகிழ்ந்தது போல இருந்தது, கீழே நனைந்தது, நூல்களை ஒட்டிய பட்டையும் நனைந்து இளகியது. வார்டில் ஒரு பிரசவம் என்று எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பதினொரு மணி இருக்கும், பின்பக்கத்துக் கதவு மெதுவாகத் திறந்தது. செல்லம்மை நின்றாள், கையில் வெளுத்து மடித்த மாத்து.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து புறப்படும்போது எனக்கு இரத்தம் கண்டிருந்தது. மைனி எண்ணியிருக்கிறார். புதன் நான்காம் நாள். ஆஸ்பத்திரி என்றாலும் தீட்டு தீட்டுதான், மாத்து இல்லாமல் வந்தால் எந்த வாசல் வழியாக உள்ளே கூப்பிடுவது என்று செல்லம்மைக்குப் பஸ் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். முன்பக்கம் கயிற்றைப் பார்த்துத் தயங்கி, அவள் சுற்றிப் பின்பக்கம் வந்திருக்கிறாள். வண்ணாத்திக்கு எந்த வீட்டிலும் பின்வாசல்தானே வழக்கம்.

"துணியக் குடுங்கோ டீச்சரம்மா. பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வாளி, மூடி, ஒரு நூல்கூட. ஆனால் அடியில் நனைந்து கிடந்த துணியை எஸ்தர் கையால் எடுக்கவேண்டும், அந்த நாற்றத்தை அவள் முகர வேண்டும் என்பதுதான் மனத்தில் முன்னால் வந்து நின்றது. செல்லம்மை என்றால் வெட்கமில்லை. முப்பது வருஷமாக அவளிடம் கொடுத்துப் பழகிய கை. துணிதானே என்று நினைத்தேன். அடியிலிருந்ததை உருவிக் கொடுத்தேன். வாளியில் கிடந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாத்தை அடியில் விரித்துக்கொண்டபோது, வாரக்கணக்கில் இல்லாத ஒரு சுத்தம் தெரிந்தது. நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மணிக்கு எஸ்தர் வந்து போர்வையை விலக்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். நாலு.

டாக்டரம்மா ஓடிவந்தார். "டீச்சர், நேர் சொல்லணும். யாராவது உள்ளே வந்ததுண்டோ?"

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். செல்லம்மையைக் காப்பாற்ற என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைத் திருடி என்பார்கள், போலீஸில் பிடித்துக்கொடுப்பார்கள், ஏழைப் பெண் என்ன செய்வாள் என்றெல்லாம். அதில் பாதிகூட உண்மை இல்லை. படித்த டீச்சர், சொன்ன ஒரே ஒரு விதியை மீறித் தீட்டுத்துணியை வண்ணாத்தியிடம் கொடுத்துவிட்டாள் என்பதை எஸ்தர் முன்னால் சொல்ல என் நாக்கு எழவில்லை. உண்மையான காரணம் அதுதான்.

ஒரு கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்தார்கள். அதற்குள் இரண்டு மெல்லிய தங்கத் தகடுகள் விரிந்து நிற்கும். ரேடியம் பக்கத்தில் இருந்தால் அவை ஒடுங்கிவிடும். குளியலறை, சாக்கடை, குப்பைக்குழி எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள். தகடுகள் விரிந்தபடியே இருந்தன. பிறகு வாளியைத் திறந்து பார்த்தார்கள். காலியாக இருந்தது.

"இதிலிருந்த துணி எங்கே?" டாக்டரம்மா எஸ்தரைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எடுக்கல்ல டாக்டரம்மா. கர்த்தர் சத்தியமா எடுக்கல்ல."

"பின்னே தானே நடந்து போயோ? வாளி உன் பொறுப்பல்லவா?"

எஸ்தர் அழுதாள். வகுப்பில் பெஞ்சில் நின்றபோதும் அதேபோல உதட்டை மடித்துக்கொண்டுதான் அழுதாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுவர்க்கடிகாரம் எதிரே இருந்தது. இரண்டரை ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று.

ஜன்னலுக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம், பிலோமினா வந்து நின்றாள். யார் சொன்னார்களோ, விஷயம் வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, அது காணாமப் போச்சுன்னு சொல்லுதாவ. அப்ப எனக்கு வைக்க மாட்டாவளா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எனக்க உசிரு போனாலும் பரவாயில்ல. சின்னதுக்கு ரெண்டு வயசுதான் ஆச்சு. அதாக்கும் கேக்கேன்."

சரியாக மூன்று மணிக்கு டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தர் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள்.

ஆஸ்பத்திரிக் காரில் டாக்டரம்மா, கண்ணாடிப் பெட்டியோடு எஸ்தர், வழிகாட்ட வீட்டுக்காரர், மூன்று பேரும் எங்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். வாழ்நாளிலேயே அவர் என்னிடம் தொடர்ந்து பேசிய நீளமான பேச்சு அது.

ஐந்து மணிக்கு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். துணி மூட்டை கல்மேல் அவிழாமல் இருந்தது. பெட்டியை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தகடுகள் அசையவில்லை. ஆற்றில் போய்விட்டது என்று டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். அப்போது கீழே தண்ணீரில் நின்ற செல்லம்மை, மண்டி முதலாளி வந்திருக்கிறாரே என்று கரையேறி வந்தாள். அவள் நெருங்க நெருங்கத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

துணியை மூட்டை கட்டுமுன் ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பது அவள் தொழில்முறை. ஊக்கு இருந்தால் துருப்பிடித்து மற்றத் துணி கெடும். ஆஸ்பத்திரிக் கொல்லையிலேயே உதறியிருக்கிறாள். நூல் கட்டிய சின்ன உலோகக் குழல் விழுந்தது. எங்கள் பக்கத்தில் மந்திரித்த தகட்டைச் சுருட்டிக் குழலில் அடைத்து, நூலில் கோத்து அரையில் கட்டுவார்கள். அதற்கு ஏலசு என்று பெயர். இது ஏலசுதான், மைனி யாரையோ பிடித்து மந்திரித்துக் கட்டிவிட்டிருக்கிறார் என்று செல்லம்மை எண்ணிக்கொண்டாள். ஏலசு தீட்டுத்துணியோடு கிடக்கக்கூடாது. அதனால் முந்தானையில் முடிந்து அரையில் செருகிக்கொண்டாள்.

"அப்பவே திரும்பி வந்து குடுத்திருக்கப்பிடாதா?" என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

"மிசன் ஆஸ்பத்ரில்லா? ஏலசு கட்டிக்கிட்டு வந்திருக்குன்னு தெரிஞ்சா அந்த நர்சு பிள்ள டீச்சரம்மைய ஏசும். எல்லாருக்க முன்னாலயும் அவியளுக்குக் கொறச்சிலுல்லா. வீட்டுக்கு வந்த பொறவு கையில குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

எஸ்தர் நீளமான இடுக்கியால் அதை எடுத்து ஈயப் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் மற்ற நான்கையும் எடுத்துவிட்டு, விட்டுப்போன இருபத்திரண்டு மணி நேரத்துக்கு அந்த ஒரு குழலை மட்டும் மறுபடி வைத்தார்கள். "ஒரு மணிக்கூர் கொறஞ்சாலும் கூடினாலும் இதில் கணக்கு தெற்றும், டீச்சர்" என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரம் பிலோமினாவுக்கு வைத்தார்கள். மூன்றாம் மாதம் சோதனைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள், ஆனால் நடந்து வந்திருந்தாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றித் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மைனி வாசலைத் திறந்துவிட்டார். மாத்து உடுத்தித்தான் வந்தேனா என்று கேட்கவில்லை. அது அவர் செய்த பெரிய சலுகை.

ஒரு மாதமாகத் துணி எடுக்கச் செல்லம்மையின் மருமகள்தான் வந்தாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன், மாமிக்கு அரையில் புண் என்றாள். நான் அன்றைக்கே அவர்கள் தெருவுக்குப் போனேன். முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. செல்லம்மை பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலையை விலக்கிக் காட்டினாள். இடுப்பெலும்புக்கு மேலே, முடிச்சு இருந்த இடத்தில், காலணா அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்து ஈரமாக இருந்தது. வேப்பெண்ணெய் தடவியிருந்தாள்.

"கட்டெறும்பு கடிச்சதுன்னு நெனச்சேன். ஆறமாட்டேங்குது."

மறுநாள் அவளைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா குனிந்து புண்ணின் அகலத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு, "இது ரேடியம் சுட்டது. மெதுவாய் ஆறும், தழும்பு நிற்கும். எத்தனை மணிக்கூர் அரையில் இருந்தது?" என்று கேட்டார். எஸ்தர் விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று முதல் ஐந்து வரை. ஆறு மணி நேரம். எண்ணிக்கை சரியாக இருந்தது. டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் புண் உரசாமல் இருக்க அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கால்களைச் சுருக்கிக்கொண்டாள். மார்த்தாண்டம் தாண்டியதும் சொன்னேன்.

"செல்லம்மே, ரெண்டு மணிக்கே எனக்குத் தெரியும், அது ஒங்கிட்டதான் இருக்கும்னு. யாரும் வரல்லன்னு பொய் சொல்லிட்டேன். மூணு மணிக்குத்தான் சொன்னேன்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை யோசிக்கிறாளா, ஊர் வந்துவிட்டதா என்று பார்க்கிறாளா, தெரியவில்லை.

"ஒரு மணிக்கூறுதானே டீச்சரம்மா" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் குழல் அவள் அரையில் இருந்தது ஆறு மணி நேரம். ஐந்து மணி நேரம் என் அசட்டையால் அவளைச் சுட்டது. ஒரு மணி நேரம் நான் தெரிந்தே சொன்ன பொய்யால் சுட்டது.